வேடிக்கை பார்ப்பவர்

"பையை அப்படியே கீழே கொட்டு!" என்றான் காவலாளி.

துணிக்கடை வாசலைத் தாண்டப் போன கறுப்பு நிறப் பெண் திடுக்கிட்டு நின்றாள். "எதுக்குங்க? பில் இருக்குங்க."

"உங்க ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? கொட்டு!"

சட்டைகள் தொங்கிய இடத்தில் தோளில் பையோடு நின்றிருந்த டெய்லர் சட்டென்று நிமிர்ந்தார். ஆகா, நாடகம் ஆரம்பித்துவிட்டது!

இந்த நாடகத்துக்கு மேடை கிடையாது. துணி எடுக்க வந்த யாருக்கும் இது நாடகம் என்றே தெரியாது. கடை முதலாளியிடம் மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள். பாத்திரங்களுக்குப் பெயரும் கிடையாது. காவலாளி, கறுப்புப் பெண், வேடிக்கை பார்ப்பவர், அவ்வளவுதான். எந்த வேஷத்துக்கு யார் வருகிறார்கள் என்றுகூட இயக்குநர் சொல்ல மாட்டார். "தெரிஞ்சா கண்ணு காட்டிக் கொடுத்துடும்யா" என்பார். வெளியூரிலிருந்து புதுமுகங்களாகப் பிடித்துவருவார்.

டெய்லருக்கு வேடிக்கை பார்ப்பவர் வேஷம். வசனமே இல்லை. மனுஷன் நிஜத்தில் படு சாது. யாராவது இவர் காலை மிதித்தால் இவரே ஸாரி சொல்லிவிட்டு நகர்வார். வேஷம் என்று வந்துவிட்டால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. அடுத்தவர் வசனத்தையும் சேர்த்துப் பேசித் தொலைப்பார்.

"இன்னிக்கு ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நாடகக் குழுவுல இடம் கிடையாது" என்று காலையில்தான் இயக்குநர் கறாராகச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் தையல் மிஷினோடு மாரடிக்கும் டெய்லருக்கு அந்தக் குழுதான் உயிர். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

காவலாளி பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். குழந்தைச் சட்டை ஒன்று தரையில் விழுந்தது. கூடவே பிஸ்கட் பாக்கெட், சாவிக்கொத்து. பில்லும் விழுந்தது. அதை அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மேலாளர் வந்தார். "வாசல்ல என்ன கலாட்டா? உள்ளே கூட்டிட்டுப் போய் சோதனை போடு."

அந்தப் பெண் மண்டியிட்டுப் பொறுக்கினாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. அடேயப்பா, என்ன நடிப்பு! எங்கே பிடித்தார் இவளை?

சுற்றிலும் கூட்டம். சிலர் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! டெய்லர் கூட்டத்துக்குள் புகுந்தார். குழுவாவது ஒண்ணாவது!

"நிறுத்துய்யா!"

கடையே திரும்பியது.

"நானுந்தான் இதே வாசல்ல போயிட்டு வந்தேன். என் பையைத் தொட்டியா? அவங்க தோலோட நிறம்தானே உன் கண்ணை உறுத்துது?"

"யோவ், உன் வேலையைப் பாத்துட்டுப் போ."

"போக மாட்டேன். முதல்ல என் பையைப் பாரு. அப்புறம் அவங்ககிட்ட வா."

கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா முன்னால் வந்தாள். "அவர் சொல்றது நியாயந்தானே? இந்தா, என் பையையும் பாரு." பின்னாலிருந்து இன்னொரு பை நீண்டது. பிறகு மளமளவென்று பைகள். காவலாளி பின்வாங்கினான்.

மேலாளருக்கு முகம் செத்துவிட்டது. குழந்தைச் சட்டையை அவரே எடுத்துத் தட்டி மடித்துக் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. தப்பு எங்க மேலதான்."

அந்தப் பெண் டெய்லரை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நன்றிண்ணா" என்று சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து வெளியே போனாள்.

டெய்லருக்கு மனசு குளிர்ந்துபோனது. அடுத்த நொடியே இயக்குநர் நினைவுக்கு வந்தார். ஐயையோ, நாடகத்தைக் கெடுத்தாச்சே!

வாசலுக்கு வந்தால், இயக்குநர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்துகொண்டிருந்தார்.

"சார், வாய் சும்மா இருக்கல. மன்னிச்சுடுங்க. குழுவை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க!"

இயக்குநர் பேந்தப் பேந்த விழித்தார். "என்னய்யா உளர்றீங்க? மன்னிப்பு நான்ல கேக்கணும்! வழியில வேன் பஞ்சர். நம்ம காவலாளியும் அந்தப் பொண்ணும் இப்பதான் வந்து இறங்குறாங்க. போய் உங்க இடத்துல நில்லுங்க, நாடகத்தை ஆரம்பிச்சுடலாம்."

அப்போதுதான் டெய்லருக்குக் கைகால் உதற ஆரம்பித்தது.