ஒருத்தருக்கும் திறக்காதே

"ஐயா, அப்பாவின்ர செத்தவீடு. பொழுதுபட முந்தி எடுத்துப்போடுவினம். ஒருக்காத் துண்டைத் தாங்கோ."

குறிகட்டுவான் துறையடிக் கந்தோரின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஆரூரன் மன்றாடினான். கொழும்பிலிருந்து தன்னந்தனியாக வந்தவன். அனுமதித் துண்டு இல்லாமல் நெடுந்தீவுப் படகில் கால் வைக்க முடியாது. தீவாருக்கு மட்டுந்தான் துண்டு; அவர்களின் பெயர்களோ உள்ளே கணினிக்குள் இருந்தன.

"நான் என்ன தம்பி செய்ய? நேற்று டிஸ்க் பழுதாப்போச்சு. அலுமாரிக்குள்ள கிடந்த பழசைப் போட்டனாங்கள். பெயர்க் கோப்பு திறக்குதில்லை" என்றார் கிளாக்கர் கனகசபை.

"திரையில என்ன எழுதி வருது, ஐயா?"

"ஆரார் திறக்கலாம் எண்ட பட்டியலை இந்த டிஸ்க்கில வைக்க ஏலாதாம். அதால ஒருத்தருக்கும் திறக்காதாம். எனக்குமில்லை, பெரியவருக்குமில்லை."

ஆரூரனின் முகம் கறுத்தது.

பக்கத்தில் கடகப் பெட்டியோடு நின்ற யோகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பட்டியல் வைக்க ஏலாட்டி எல்லாரையும் விடுறதுதானே? ஒருத்தரையும் விடாதை எண்டு எந்த மூதேவி எழுதினவன்?"

"அப்பிடி விட்டா கண்டவனும் திறந்து பாப்பான், அக்கா. பாதுகாப்புக்காகத்தான்..." என்று இழுத்தான் ஆரூரன்.

"நீர் ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கிறீர்?"

ஆரூரன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "ஐயா, நான் உள்ளுக்கு வந்து ஒருக்காப் பாக்கட்டோ?"

"வெளியாக்களை உள்ளுக்கு விட ஏலாது, தம்பி. கொழும்புக்கு அறிவிச்சிருக்கிறன். போன் வரும்."

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டு கிடைக்காமல் சுற்றி நின்ற சனத்தின் கடுகடுத்த முகங்களைப் பார்த்ததும் அவனுக்கு நா எழவில்லை.

டிஸ்க் பழுதாகுமுன்னரே துண்டு எடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. ஒற்றைப் பிள்ளை அவன். கொள்ளிக்குடம் இனி யாரோ ஒரு தூரத்து உறவின் தோளில். படகு கண்ணுக்கு மறையும்வரை பார்த்து நின்றான். ஆறுதல் சொல்லக்கூட அந்தத் துறையடியில் அவனுக்கென்று ஒருவரும் இல்லை.

உள்ளே போன் அடித்து ஓய்ந்தது. கனகசபை தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தார்.

"புரோகிராமில ரெண்டு வரியை மாத்தினாத் திறக்குமாம். அதை எழுதின ஆளுக்குத்தான் தெரியுமாம். ஆனா ஆள் லீவாம்."

"எங்க துலைஞ்சு போனானாம்?" என்றாள் யோகம்மா.

"நெடுந்தீவுக்காம். பாவம், தேப்பன்ர செத்தவீடாம்."