கேட் போட்டாச்சு

"ஏலே தாணு, இன்னைக்கு விட்டேன்னா அவ்வளவுதாம்லே. அடுத்த மாசம் உனக்கு நாப்பது!"

சைக்கிள் கடை காஜா முகைதீன், பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தபடி சொன்னான்.

பாளையங்கோட்டையில் காலை ஆறரை மணி. அமெச்சூர் சைக்கிள் பந்தயத்தின் ஏழாவது நாள், கடைசி நாள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்தான் ஓட்டலாம். ஐந்து வருடமாக இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்ட தாணுமாலையனுக்கு இனி ஒரு வருடம் கிடையாது.

ஆறு நாள் முடிவில் அவனும் ஹெப்ரானும் சமப் புள்ளிகள். இன்று பாபநாசத்தில் எல்லைக்கோட்டை முதலில் தொடுபவனுக்குக் கோப்பை.

"அந்தப் பய ஆறு நாளா உன் முதுகுக்குப் பின்னாலயே ஒளிஞ்சு வருதான். எதிர்காத்தை நீ வாங்குத, சொகத்தை அவன் வாங்குதான். இன்னைக்குக் கழட்டி விட்டுரு!"

"விட்டுருதேன்."

இந்த வாரம் முழுக்க அவனுக்குக் காலையில் பந்தயம், சாயங்காலம் டி.வி.யில் பிரான்ஸ் நாட்டு ‘டூர்’ சைக்கிள் பந்தயம். நேற்றும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மனைவி பிருந்தா திடீரென்று கேட்டாள்:

"ஏங்க, அங்கன குறுக்க ரயில்வே கேட்டு வந்தா என்ன செய்வாங்க?"

"நிக்கணும். குனிஞ்சு நுழைஞ்சா பந்தயத்தை விட்டே வெளியேத்திருவாங்க."

"நம்ம ஊர்ப் பந்தயத்துல?"

"நம்ம விதியில அதெல்லாம் இல்ல. நுழைஞ்சு போனா யாரும் கேக்க மாட்டாங்க."

பிருந்தா ஒரு கீரைக் காம்பைப் பட்டென்று ஒடித்தாள். பிறகு, "நாளைக்கு எனக்கு லீவு கிடைக்கலை. பாபநாசத்துக்கு வர முடியாது. கோப்பையோட வாங்க" என்றாள்.

"கோப்பையோடதான் வருவேன்."

பந்தயம் தொடங்கும் விசில் ஒலித்தது.

மேற்கே போகப் போக ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வீரவநல்லூர் தாண்டியபோது இரண்டே பேர். முன்னால் தாணு. பின்னால், அவன் நிழலில் ஹெப்ரான்.

"அண்ணாச்சி, காத்து எப்படி இருக்கு?"

"முன்னால வந்து பாரு தம்பி."

"எனக்கு இங்கனயே நல்லா இருக்கு!"

தாணு கியரை மாற்றினான். அடுத்த வளைவில் சீட்டிலிருந்து எழுந்து, உடம்பின் மொத்த பாரத்தையும் பெடலில் இறக்கினான். பத்து மீட்டர். முப்பது மீட்டர். திரும்பிப் பார்த்தான். ஆறு நாளில் முதல்முறையாக முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அப்போதுதான் மணி அடித்தது. எதிரே ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.

தாணு பிரேக்கைப் பிடித்தான். டயர் கிறீச்சிட்டு, கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"கேட் போட்டாச்சு! யாரும் நுழையாதீங்க! செங்கோட்டை வண்டி வருது!" என்று கேட் கீப்பர் பெண் தொண்டை கிழியக் கத்தினாள்.

யார் கேட்டார்கள்? கூடையோடு ஒருவர் குனிந்து நுழைந்தார். பின்னாலேயே இன்னொருவர். பாய்ந்து வந்த ஹெப்ரான் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக் குனிந்து, மறுபக்கம் நிமிர்ந்தான்.

"வாரேன் அண்ணாச்சி!"

கேன்கள் தொங்கும் மொபெட்டைச் சரித்துக்கொண்டிருந்த பால்காரர் தாணுவைப் பார்த்துப் பதறினார்.

"என்ன வே நிக்கீரு? கோப்பை போவுதே! ரயிலு இன்னும் கண்ணுலயே காணலை. நாங்க தினமும் இப்படித்தான் போறோம். குனியும் வே!"

தாணுவின் விரல்கள் ஹாண்டில்பாரை நெரித்தன. இந்த ஒரு வாரம். இந்த ஐந்து வருடம். தலையைக் குனிந்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

கேட் கீப்பர் அவனைப் பார்க்கவில்லை. பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்து, தண்டவாளத்தையே பார்த்தபடி நின்றாள்.

அவனும் அசையவில்லை.

பால்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். 'த்சொ' என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கேட்டுக்கு அடியில் பாதி போன மொபெட்டைப் பைய வெளியே இழுத்துக்கொண்டார்.

ரயில் கடந்து கேட் எழும்பியபோது இரண்டரை நிமிடம் போயிருந்தது.

தாணு பறந்தான். இப்போது ஹெப்ரானுக்கு ஒளிய முதுகு இல்லை. காற்று முழுக்க அவனுக்குத்தான். அம்பாசமுத்திரத்தில் அவன் புள்ளியாகத் தெரிந்தான். விக்கிரமசிங்கபுரத்தில் ஐம்பது மீட்டர். பாபநாசத்தில், வெள்ளைக் கோட்டில், அரைச் சக்கரம்.

அரைச் சக்கரத்தில் ஹெப்ரான் ஜெயித்தான்.

"கேட்டுல நின்னியாமேலே! கூறுகெட்டவனே!" காஜா முகைதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த டூரைப் பாத்துப் பாத்து வீணாப் போயிட்ட. இது என்ன பிரான்சாலே?"

தாணு தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

சாயங்காலம் டி.வி.யில் டூர் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த பிருந்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் கரகரவென்று கட்டியிருந்தது.

"அரைச் சக்கரமாமே?"

"ஆமா."

"நுழைஞ்சா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? பின்ன ஏன் நின்னீங்க?"

தாணு சுக்குத் தண்ணீரை ஆற்றி அவள் கையில் கொடுத்தான்.

"மொதல்ல இதைக் குடி, தொண்டை சரியாவட்டும். உன் கேட்டுல உன் புருசனே குனிஞ்சு நுழைஞ்சா, நாளைக்கு நீ கத்துத கத்துக்கு எவன் நிப்பான்?"