முதுகில் ஓர் ஊசி

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மனநலப் பிரிவின் பெரிய டாக்டர், பரிசோதனை அறிக்கையோடு வந்த ஆராய்ச்சிக்கார டாக்டரம்மா, பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, அவளிடம் மூன்று முறை கடி வாங்கிய நர்ஸ்.

பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் வாயை மென்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மனசுல வந்த வியாதி இல்ல," என்றாள் டாக்டரம்மா. உட்காரவில்லை. "கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி இவ மூளையைப் போட்டு அடிச்சிட்டிருக்கு. இன்னைக்கே நரம்பியல் வார்டுக்கு மாத்தணும். மருந்து ஏத்தினா மூணு வாரத்துல பேச ஆரம்பிப்பா."

பஸ் நேரம் சொல்கிறவளைப் போலச் சொன்னாள்.

பெரிய டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். "போன மாசம் ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்ததும் உங்க லேப்தானே? அதை நம்பித்தான் இங்க சேர்த்தோம்."

"அது ரத்தம். ரத்தத்துல தெரியாமப் போகும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்தாத்தான் பிடிபடும். முந்தாநாள் எடுத்தோம். மாட்டிக்கிச்சு."

"ரத்தம் மட்டும் போதாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவங்க நீங்க…" என்று தொடங்கியவர், நிறுத்திக்கொண்டார்.

"அப்போ முதல்லயே எடுத்திருக்கலாமே மேடம்?"

நர்ஸ்தான் கேட்டாள். கேட்கிற இடத்தில் அவள் இல்லை. ஆனால் மூன்று கடிக்கு ஒரு கேள்வியாவது கேட்கலாம் என்பது அவள் கணக்கு.

"இவ அம்மா விடல சிஸ்டர். பிள்ளை முதுகுல ஊசி இறங்குறதைப் பாக்க முடியாதுன்னுட்டா."

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு எப்போதும் காலை வேலை. வீட்டு ஆட்கள் வருவது மாலையில். அந்த அம்மாவை அவள் பார்த்ததே இல்லை.

"நல்ல அம்மா. ஒரு ஊசிக்குப் பயந்து புள்ளைய இருபத்தாறு நாள் பூட்டின வார்டுல போட்டு வச்சிருக்கா. என் கண்ணுல படட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்குறேன்."

"தாராளமா கேளுங்க. முதல்ல இவளை அனுப்புவோம்."

பெரிய டாக்டர் மாற்றல் சீட்டில் கையெழுத்திட்டார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. இந்த வார்டில் யார் கையெழுத்திட்டுச் சேர்த்தார்களோ, அவர்களே கையெழுத்திட்டுத்தான் அழைத்துப்போக முடியும். யாருக்கும் விலக்கு கிடையாது.

"வீட்டுக்கு ஃபோன் போட்டு வரவழைக்கணும்," நர்ஸ் பதிவேட்டை எடுத்தாள். "எப்படியும் சாயந்திரம் ஆயிடும்."

டாக்டரம்மா பதிவேட்டை வாங்கினாள். தேடவில்லை, பக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்தாறு நாளுக்கு முன் போட்ட கையெழுத்துக்கு எதிரே, அதே கையெழுத்தை, அதே சாய்வில் போட்டாள்.

'உறவு' என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: தாய்.

நர்ஸ் பதிவேட்டை மூடினாள். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள்.

டாக்டரம்மா பெண்ணின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். பெண் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

"மூணு வாரம்," என்றாள் டாக்டரம்மா அவளிடம். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

டாக்டரம்மா தள்ள, நாற்காலி தாழ்வாரத்துக்கு இறங்கியது. நர்ஸ் கதவைச் சாத்தி, இந்த முறை பெண் வெளியே இருக்கப் பூட்டினாள்.