மூலைக்கு ஒருவர்

"சாப்பாடு முடியற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. வீடே தீப்பிடிச்சாலும் சரி!" என்றார் தையல்காரர்.

மனைவி, மகள், மச்சான் மூவரும் புது மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு அவரை முறைத்தார்கள். மகளுக்குப் பேசியிருந்த பையன் வீட்டார் முதல் முறையாக விருந்துக்கு வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"பசை காய இருபத்துநாலு மணி நேரம் ஆகும்னு டப்பாவுல போட்டிருக்கு. மேஜைக் காலை ஒட்டி மூணு மணி நேரம்தான் ஆகுது. அதனால மூலைக்கு ஒருத்தர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலை முட்டியால இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிதர்தான். ஆனால் மரத்தில் இதுதான் அவருக்கு முதல் வேலை. பழக்கதோஷத்தில் இரண்டு கால்களை மட்டும், 'தையலுக்கு இருக்கட்டும்' என்று அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டித் தொலைத்தார். மேஜை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, இன்று காலையில் நான்கையும் பிடுங்கிச் சரிசெய்து மறுபடி ஒட்டியிருந்தார்.

"பேசாம கடையில வாங்கியிருக்கலாம்ல மாமா?" என்றான் மச்சான்.

"போன்ல வாய விட்டுட்டேனேப்பா! என் கையால செஞ்ச மேஜையிலதான் உங்களுக்குச் சாப்பாடுன்னு சொல்லிட்டேன்."

"அதுவும் யார்கிட்ட? பாலம் கட்டுற இன்ஜினீயர்கிட்ட!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த லட்சணத்தைப் பார்த்தா, இவங்க சம்பந்தமே வேண்டாம்னு போயிடுவார்."

"அப்பா, மேல இருக்கற மூணு பலகையும்..."

"அதுல யானை ஏறி நின்னாலும் அசையாது. நீ உன் பங்குக் காலைப் பாரு."

மகளுக்கு அந்தப் பையனை ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் மறுபேச்சுப் பேசாமல் தன் மூலைக்குப் போனாள். தையல்காரர் தானே தைத்த நீளமான விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் மறைத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். "வாங்க, வாங்க" என்று வரவேற்ற கையோடு, வந்தவர்களை முந்திக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள் வீட்டார். பையனின் அம்மாவுக்கு அதுவே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

பையனின் அப்பாவான இன்ஜினீயர் நடு நாற்காலியில் அமர்ந்தார். "நீங்களே செஞ்சதா? பிரமாதம்!" என்று வாய்நிறையச் சிரித்தார்.

தையல்காரரின் மனைவி பூரித்துப்போய், பெரிய சூப் பாத்திரத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"சூப்புல உப்பு சரியா இருக்குங்களா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் ஊத்திக்கலாமே?"

"வேண்டாம்!"

வலது கையால் பேருக்கு நாலு வாய் சாப்பிட்டார். இடது கை மேஜைக்கு மேலே வரவே இல்லை. நெற்றியில் வியர்வை. சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டான் பையன்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"சமையலறையில இருக்கு தம்பி. நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க. வரும்போது எல்லாருக்கும் கொண்டு வந்துடுங்க" என்றார் தையல்காரர். சொல்லும்போதே அவருக்கு மானம் போயிற்று.

ஆனால் பையனின் அம்மா மகிழ்ந்துபோனாள். "எங்க வீட்டுல சாப்பிட உட்கார்ந்தா ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவாங்க. இங்க ஒருத்தர்கூட அசையல பாருங்க, என்ன ஒரு ஒத்துமை!"

இன்ஜினீயர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு வழியாகச் சாப்பாடு முடிந்தது. "கிளம்பலாமாங்க?" என்று எழுந்தாள் பையனின் அம்மா. பையனும் எழுந்தான். இன்ஜினீயர் மட்டும் எழவில்லை. சிவந்த முகத்தோடு தையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் தையல்காரரால் தாங்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியுது. மேஜைக் கால் எதுவும் சரியா ஒட்டல. நாங்க நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கோம். தப்பு என்னோடது. இதுக்காக என் பொண்ணை வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருங்க வேண்டாம்னு சொன்னது? எனக்குப் பூரண சம்மதம், சம்பந்தி" என்றார் இன்ஜினீயர், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "முதல்ல யாராவது இந்த சூப் பாத்திரத்தை எடுங்க! நடுப் பலகை கழண்டு ஒரு மணி நேரமா என் மடியிலதான் இருக்கு. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு வாயைத் திறக்கல. எத்தனையோ பாலத்துக்குத் தூண் வெச்சிருக்கேன், நானே தூணா உட்கார்ந்தது இன்னிக்குத்தான்!"