சுவரோரம் இரண்டு ஜோடி

ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் அவள் தேவாலயத்துக்குள் கால் வைக்கப் போனாள்.

“ஆன்ட்டி, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க. தரை ஜில்லுன்னு இருக்கும்,” என்றான் வாசன். மகனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன்.

“இருக்கட்டும்.”

சாமிக்காகக் கழற்றவில்லை. இந்த அறுபது வயதுவரை எந்தச் சாமிக்கும் அவள் தலை வணங்கியதில்லை. இது வெறும் பழக்கம். யார் வீட்டு வாசலானாலும் செருப்பை வெளியே விடு என்று மகனுக்கும் கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சுவரோரம் யாரோ விட்டுப்போன பழைய ஜோடி ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியின் நவம்பர் குளிர் உள்ளங்கால் வழியாக ஏறியது.

பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

இன்று இறந்தவர்களின் ஞாயிறு. இந்த ஆண்டு இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வேண்டியவர் யாராவது எழுந்து போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். யாரும் எழாவிட்டால் அடுத்த பெயர்.

நன்மாறன் பெயரும் உண்டு என்று இங்குள்ள பெண் போதகர் தொலைபேசியில் சொன்னபோது அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பனியில் சைக்கிள் சறுக்கிச் செத்துப்போன பிள்ளையை இவர்கள் தங்கள் ஆளாக்கப் பார்க்கிறார்கள். ஞாயிறுதோறும் வந்தானாம். என் பிள்ளையா? கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனா?

அதற்காகவே விமானம் ஏறினாள்.

பெயர் வரும். அவள் அசைய மாட்டாள். வாசனும் அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்த ஊரில் நன்மாறனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மெழுகுவத்தி ஏற்றாமலே கிடக்கும். அவன் உங்கள் ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

பெயர்கள் வந்தன. ஆட்கள் எழுந்து போனார்கள். பூட்ஸ் சத்தம் கல்தரையில் டக் டக்கென்று கேட்டது.

“நன்மாறன் செல்வராசன்.”

பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவரும் எழவில்லை.

நினைத்ததைச் சாதித்துவிட்டாள். ஆனால் அடுத்த பெயரை வாசித்துவிடுவார்களோ என்று முன்னால் பார்த்தாள்.

அப்புறம் முன்வரிசையில் ஒரு கைத்தடி அசைந்தது.

ஒரு கிழவர். வெள்ளைக்காரர். எழுந்து நிற்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மெல்ல நடந்தார்.

கைத்தடியின் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள்.

காலில் ஷூ இல்லை. கம்பளிக் காலுறை மட்டும். ஒரு குதிகாலில் ஓட்டை.

மற்ற எல்லார் காலிலும் பூட்ஸ் இருந்தது.

அவள் கை பெஞ்சை விட்டது. எழுந்தாள். வாசன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

கும்பிட மாட்டாள். முட்டி போட மாட்டாள். அது நடக்கவே நடக்காது. வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்தாள்.

கிழவரின் கை நடுங்கியது. திரி பற்றவில்லை.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பற்றியது.

அவர் திரும்பினார். முதலில் அவள் கால்களைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.