சிவப்பு ரிப்பன்

முழங்கால் தண்ணீரில் ஒரே ஒரு செருப்பு மிதந்தது. அதன் வாரில் ஒரு சிவப்பு ரிப்பன் சிக்கியிருந்தது.

"அண்ணே! இது உங்க தன்ஷிகா செருப்பு இல்ல?" டீக்கடை ரமணி கத்தினாள்.

நாலு நாளாக மழைக்குத் தொங்கிக்கொண்டிருந்த இஸ்திரி வண்டித் தார்ப்பாய் இன்று நிமிர்ந்து நின்றதால், சிங்காரவேலு வண்டிக்குள் நிம்மதியாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரிப் பெட்டியை யாருடைய சட்டை மேலேயோ அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

பட்டாம்பூச்சி போட்ட ரோஸ் செருப்பு. காலையில் அவன்தான் மகளுக்கு மாட்டிவிட்டான். ரிப்பனும் அவன் பின்னிவிட்ட சடையில் இருந்ததுதான்.

செருப்பு மிதந்த இடத்தில் சாக்கடைப் பள்ளம். அடைப்பு எடுக்க வந்த நகராட்சி ஆட்கள் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. தெருக்காரர்கள்தான் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கம்பைக் காணோம்.

"எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டான்யா! அவன் வீட்டுல புள்ள குட்டி இல்லியா?"

"இருந்தா எடுப்பானா?"

சிங்காரவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டான்.

தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. பிளாஸ்டிக் பைகளும் இளநீர்க் கூடுகளும் கண்ணெதிரே அடித்துக்கொண்டு போயின. செருப்பு மட்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

"டேய், வீடியோ எடுத்தது போதும். ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடுடா!"

"போட்டாச்சுக்கா. எந்தப் பள்ளம்னு கேக்குறாங்க. நம்ம வார்டுலயே பதினொண்ணு இருக்காம்."

சிங்காரவேலுவின் விரலில் துணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான். பழைய சாக்கு.

"ஸ்கூல் விட்டு அரை மணி ஆச்சேண்ணே..." ரமணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவன் உள்ளே குதிக்கக் காலை எடுத்தான். நாலு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். "விடுங்கய்யா! எம் புள்ளய்யா!"

"தள்ளுங்க, தள்ளுங்க! குத்திடப் போவுது!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு சடை அவிழ்ந்து கிடக்க, ஒரு கால் வெறுங்காலாக, தன்னைவிட நீளமான முருங்கைக் கிளையை இழுத்துக்கொண்டு தன்ஷிகா வந்துகொண்டிருந்தாள்.

சிங்காரவேலு அவளை வாரி அணைத்துக்கொண்டான். "செருப்பு... செருப்பு எப்படிடி இங்க வந்துச்சு?"

"நான்தாம்பா ரிப்பனால பள்ளத்து ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்குற இரும்புக் கம்பியில கட்டிவிட்டேன். கிளை ஒடிச்சிட்டு வர்றதுக்குள்ள யாராச்சும் விழுந்துட்டா?"

ரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் கன்னத்தை வழித்தாள். "என் தங்கமே! இந்தப் புள்ளைக்கு இருக்குற அறிவு பெரியவங்களுக்கு இல்லியே. ஆமா, இங்க இருந்த கம்பை எவன் எடுத்தான்னு நீ பாத்தியாடி?"

தன்ஷிகா தலையாட்டினாள்.

"எங்க தார்ப்பாய்க்கு முட்டுக் குடுக்கக் காலையில அப்பாதான் எடுத்தாரு."