சங்கத்தில் சேரும் வாய்ப்பு: இரண்டு சதவீதம்

திறமைசாலிக்குத் தொழிற்சங்கம் தேவையில்லை என்பது பிரபஞ்ச விதி. அதைக் கண்டுபிடித்தவர் சிறுசேரியில் மென்பொருள் எழுதும் தில்லைராஜன். வேலை தெரியாதவர்கள்தான் கூட்டம் சேர்வார்கள் என்று லிஃப்டில்கூடச் சொல்வார்.

யார் சங்கத்தில் சேர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அவர் யாரோடு பழகுகிறார் என்பதைப் பார்த்து அலுவலகக் கேமராக்கள் தினமும் நிர்வாகத்துக்குக் கணித்துச் சொல்லும். எண்பதைத் தாண்டியவருக்குக் கேட்ட விடுப்பு உடனே கிடைக்கும். சேர்ந்து தொலைத்துவிடக் கூடாதே என்ற பயம். தில்லைராஜனுக்கு இரண்டு. மனைவிக்கு அடுத்த வாரம் பிரசவம். விடுப்பு மூன்றாவது முறையாக மறுக்கப்பட்டது.

"நீங்க எங்க சார் போயிடப் போறீங்க? நம்ம ஆளு," என்றார் மேலாளர், அன்பாக.

மறுநாள் கேன்டீனில் தில்லைராஜன், கேமராவுக்கு நேரெதிரே, சங்கச் செயலாளர் ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெசிந்தா தன் தட்டை நகர்த்திக்கொண்டார்.

"யார் அனுப்பினது உங்களை?"

"யாரும் இல்ல மேடம். கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க, போதும்."

"லீவா? இந்த மாசம் நீங்க ஒன்பதாவது ஆளு. சிரிப்பெல்லாம் இலவசமாக் கிடைக்காது." ஒரு கட்டு நோட்டீசை நீட்டினார்.

அன்று மதியம் லிஃப்ட் வாசலில் நின்று தில்லைராஜன் நோட்டீஸ் கொடுத்தார். வாங்காமல் போனவர்களிடம், கேமரா இருக்கும் பக்கமாகச் சுற்றி வந்து, இன்னொரு முறை நீட்டினார்.